கல்லுக்கா, கைக்கா? பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகள்: ஓர் எளிய விளக்கம்

2017-ஆம் ஆண்டின் கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ஸ்ரீரங்கம் கோயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டதாம், எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமாம். கூடவே ராஜகோபுரத்தின் படம். திருச்சியில் இருக்கும் அத்தை உடனே போன் செய்து, "அப்ப தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மாதிரி நம்ம கோயிலும் ஆயிடுச்சாடா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்னது தவறு. ஸ்ரீரங்கத்துக்கு அந்த ஆண்டு கிடைத்தது வேறொன்று: பண்பாட்டுப் பாரம்பரியப் பாதுகாப்புக்கான யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது. 2024-இல் கும்பகோணம் பக்கத்திலுள்ள துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கு இதே விருது கிடைத்தபோதும் இதே குழப்பம் திரும்ப வந்தது. பெயரில் யுனெஸ்கோ இருந்தால் போதும், நாம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறோம். இதனால் என்ன நஷ்டம் என்றால், உண்மையில் யாருக்கு எதற்காகப் பாராட்டு கிடைத்ததோ அந்தச் செய்தி நம் காதில் விழாமலே போய்விடுகிறது. அந்தச் செய்தியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காசுமாலையும் பத்தரும்

ஒரு வீட்டில் கொள்ளுப்பாட்டி காலத்துக் காசுமாலை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அபூர்வமானது, குடும்பமே காக்க வேண்டியது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி வைக்கிறார்கள். இது மாலைக்குக் கிடைத்த மதிப்பு.

சில வருடம் கழித்து மாலை அறுந்துபோகிறது. ஒரு பத்தரிடம் கொடுக்கிறார்கள். அவர் அறுந்த வளையத்தை மட்டும் மாற்றி, நசுங்கிய இரண்டு காசுகளை மெதுவாகத் தட்டி நிமிர்த்தி, பழைய கோர்வைப்படியே கோத்துத் தருகிறார். "இப்படி ஒரு வேலையைப் பார்த்ததே இல்லை" என்று அவருக்கு வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்கிறோம். இது வேலைக்குக் கிடைத்த மதிப்பு.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல் முதல் வகை. 1972-இல் உருவான ஓர் உலக உடன்படிக்கையின்படி, 21 நாடுகளின் பிரதிநிதிகள் கொண்ட குழு கூடி, ஓர் இடம் மனிதகுலம் முழுமைக்கும் முக்கியமானதா என்று பார்த்து அதில் சேர்க்கிறது. மாமல்லபுரம் 1984-இல் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் அதோடு இணைந்தன. நீலகிரி மலை ரயில் 2005-இல் வந்தது.

ஆசிய பசிபிக் விருது இரண்டாவது வகை. 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. பாங்காக்கில் உள்ள யுனெஸ்கோ அலுவலகம் இதை நடத்துகிறது. தனியாரும் ஊர்மக்களும், அரசோடு கைகோத்தோ தாங்களாகவோ, பழைய கட்டடங்களைச் சரியான முறையில் பழுதுபார்ப்பதை ஊக்குவிப்பதுதான் நோக்கம். விருது கோயிலுக்கு என்று செய்தியில் வந்தாலும், மதிப்பெண் போடப்படுவது கோயிலில் நடந்த பணிக்கு.

ஸ்ரீரங்கம் கோயில் 2014 முதல் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. உத்தேசப் பட்டியல் என்றால், உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு வருங்காலத்தில் பரிந்துரைக்கலாம் என்று ஒரு நாடு குறித்து வைத்திருக்கும் வரிசை. அத்தைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: பட்டியலில் இன்னும் இல்லை, வரிசையில் நிற்கிறது, ஆனால் அங்கே நடந்த திருப்பணிக்கு விருது கிடைத்திருக்கிறது.

இதுவரை பார்த்தது: பட்டியல் இடத்தின் மதிப்பைச் சொல்கிறது, விருது பணியின் தரத்தைச் சொல்கிறது. உலகம் அறியாத ஒரு சின்னக் கோயிலுக்கும் விருது கிடைக்கலாம். உலகப் புகழ்பெற்ற இடத்தில் வேலை மோசமாக நடந்தால் கிடைக்காது.

நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

விண்ணப்பிக்கச் சில அடிப்படை விதிகள் உண்டு. கட்டடம் 50 ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். பணி கடந்த 10 ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு குறைந்தது ஓராண்டாவது அந்தக் கட்டடம் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. திறப்பு விழா அன்று எல்லாக் கட்டடமும் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போன பிறகுதான் எந்த வேலை நின்றது, எது நிற்கவில்லை என்று தெரியும். அதோடு, பூட்டிப் போட்ட கட்டடம் சீக்கிரம் சாகும். ஆள் புழங்கும் வீட்டில்தான் ஒழுகல் உடனே கண்ணில் படும், எறும்புப் புற்று தட்டிவிடப்படும்.

அப்புறம் மூன்று கேள்விகள். பணி செய்தவர்கள் அந்த இடத்தைப் புரிந்துகொண்டார்களா, அதாவது அதன் வரலாறு, வழிபாடு, அங்கே வாழ்பவர்களின் பழக்கம் எல்லாவற்றையும்? தொழில்நுட்ப ரீதியாக வேலை சரியா? அந்தப் பணியால் ஊருக்கும் மற்ற ஊர்களுக்கும் என்ன நன்மை? பல நாட்டு வல்லுநர்கள் கொண்ட நடுவர் குழு வரைபடங்களையும் முன்-பின் படங்களையும் வைத்து இவற்றை எடைபோடுகிறது.

விருதில் மூன்று படிகள்: உச்சத்தில் மேன்மை விருது, அடுத்தது சிறப்பு விருது, அதற்கடுத்தது தகுதி விருது. ஸ்ரீரங்கம் பெற்றது தகுதி விருது, துக்காச்சி பெற்றது சிறப்பு விருது. திருச்சூர் வடக்குந்நாதர் கோயில் 2015-இல் மேன்மை விருதையே பெற்றது. பழைய சூழலில் எழுப்பும் புதிய கட்டடங்களுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. அதை இங்கே விட்டுவிடலாம்.

புதுசாக்குவது வேறு, காப்பது வேறு

மறுபடியும் காசுமாலைக்கு வருவோம். அறுந்த மாலையை வேறொரு பத்தரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பழசும்மா, உருக்கிப் புதுசா அடிச்சுடலாம், பளபளன்னு இருக்கும்" என்று சொல்லியிருக்கலாம். எடை அதேதான், தங்கமும் அதேதான். ஆனால் கொள்ளுப்பாட்டியின் மாலை போய்விட்டது. காசுகளில் இருந்த தேய்மானம், அவர் கழுத்தில் கிடந்ததற்கான அடையாளம், அதைச் செய்தவனின் கைவரிசை எதுவும் இல்லை.

நம் ஊர்களில் புனரமைப்பு என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுகிறோம். மூன்றாகப் பிரித்துக்கொண்டால் தெளிவு வரும். இருப்பதை மேலும் கெடாமல் நிறுத்துவது பாதுகாப்பு. பின்னால் வந்து மூடிய தேவையற்றவற்றை நீக்கி, ஆதாரம் உள்ள பழைய நிலைக்குக் கொண்டுவருவது மீளமைப்பு. இடிந்துபோனதைத் திரும்பக் கட்டுவது மறுகட்டுமானம். இந்த வரிசையில் கீழே போகப் போக ஆபத்து கூடும், ஆதாரமும் கூடுதலாக வேண்டும்.

1964-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் கட்டடக் கலைஞர்களும் வல்லுநர்களும் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். அதில் ஒரு விதி: ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நின்றுவிட வேண்டும். மூக்கு உடைந்த துவாரபாலகருக்கு மூக்கு எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதென்றால், உடைந்த மூக்கோடு விட்டுவிடுவதுதான் நேர்மை. இன்னொரு விதி, புதிதாகச் சேர்த்த பகுதி மொத்தத் தோற்றத்தோடு இசைந்து போக வேண்டும். ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் இது புதுசு என்று தெரியவும் வேண்டும். வருங்காலத்தில் படிக்க வருபவனை ஏமாற்றக் கூடாது என்பதுதான் காரணம்.

நல்ல பாதுகாப்புப் பணியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது இங்கேதான் புரியும். அதில் பாதி, செய்யாமல் விட்டவை. கிரானைட் பலகை போடாமல் விட்டது, கல்தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்காமல் விட்டது. நம் கோயில்களில் ட்யூப் லைட்டில்கூட உபயம் இன்னார் என்று எழுதியிருக்கும், வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு. புதிதாகக் கொடுத்தவரின் பெயர் எழுத இடம் உண்டு. பழையதைத் தொடாமல் காத்தவரின் பெயரை எங்கே எழுதுவது? இந்த விருதுகள் அந்த இடத்தை உண்டாக்குகின்றன. நான் இவற்றை மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சுருக்கமாக: பழையதை எவ்வளவு குறைவாகத் தொட்டு எவ்வளவு நீண்ட நாள் நிற்க வைக்கிறோம் என்பதுதான் அளவுகோல். பளபளப்பு அளவுகோல் இல்லை.

சுண்ணாம்பு ஏன், சிமென்ட் ஏன் கூடாது?

விருது பெற்ற பணிகளைப் பற்றிப் படித்தால் சுண்ணாம்பு என்ற சொல் அடிக்கடி வரும். ஏதோ பழமைப் பற்று என்று நினைக்க வேண்டாம். இதில் நல்ல அறிவியல் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரிக்குச் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெதுவாக இழுத்து இழுத்து, மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில், மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. காளவாயில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இப்படிப் பூசியதைத்தான் காரை என்கிறோம்.

காரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். அந்த ஈரம் காரை வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அதே சுவரின்மேல் சிமென்ட் பூசினால்? சிமென்ட் கெட்டி, அடர்த்தி அதிகம். ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஈரத்தில் கரைந்த உப்பு, வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிப் பருத்து, செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். சித்திரை வெயிலில் பருத்திச் சட்டை போட்டவனுக்கும் மழைக்கோட்டு போட்டவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். வெளியே சிமென்ட் பூச்சு கட்டியாக நிற்கும், தட்டினால் டொக் டொக் என்று உள்ளீடற்ற சத்தம் கேட்கும். பின்னால் செங்கல் மண்ணாகிப் போயிருக்கும்.

இன்னொரு விஷயம், சிமென்ட் பழைய செங்கல்லைவிட வலுவானது. சுவர் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது வலுவானது ஜெயிக்கும், பழையது விரிசல் விடும். காரை விட்டுக்கொடுக்கும், விரிசல் காரையில் விழும், செங்கல் தப்பிக்கும். காரையை மறுபடி பூசிக்கொள்ளலாம். செங்கல்லுக்காகத் தன்னைக் கொடுக்கும் இந்தக் குணத்தைத்தான் பாதுகாப்புப் பணியாளர்கள் தேடுகிறார்கள்.

நம் பக்கத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்போடு கடுக்காய் ஊறிய நீரையும் பனைவெல்லக் கரைசலையும் சேர்த்தார்கள். செட்டிநாட்டில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது. அந்தச் சுவர்கள் இன்றும் பளிங்கு மாதிரி வழவழப்பாக இருக்கின்றன. ஊறல் எத்தனை நாள், அரைப்பு எத்தனை நேரம் என்பதெல்லாம் கைப்பக்குவம். இந்தப் பக்குவம் தெரிந்தவர்களுக்குத் தொடர்ந்து வேலை கிடைக்காததால்தான் அவர்கள் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். ஒரு பெரிய பாதுகாப்புப் பணி நடந்தால் சில வருடங்களுக்காவது காளவாய் எரியும், இளைஞர்கள் கற்றுக்கொள்வார்கள். நடுவர்களின் மூன்றாவது கேள்வி, ஊருக்கு என்ன நன்மை என்பது, இங்கே வந்து பொருந்துகிறது.

கல் கட்டடத்துக்கு இன்னொரு எதிரி மணல் வீச்சு. அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லைச் சுத்தம் செய்யும் முறை இது. அழுக்கும் சுண்ணாம்புப் படிவமும் போகும், உண்மைதான். கூடவே கல்லின் மேல்தோலும் போகும். எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் சிறுவயதில் நான் விரலால் தடவிப் பார்த்த கல்வெட்டு இருந்தது. இப்படி ஒரு சுத்தம் நடந்த பிறகு போய்ப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சோப்புக்கட்டியில் எழுதியதுபோல மழுங்கிக் கிடந்தது. 800 வருட வெயிலும் மழையும் செய்யாத வேலை, சில நாட்களில் முடிந்துவிட்டது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. சாமி இடம் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள்.

ஸ்ரீரங்கத்தில் என்ன நடந்தது?

156 ஏக்கர், 21 கோபுரங்கள், ஏழு பிராகாரங்கள். பெருமாள் கோயில் மட்டும் இல்லை அது, ஓர் ஊர். அன்றாட வழிபாடு நிற்காமல் அங்கே பணி நடக்க வேண்டும்.

2015 குடமுழுக்கை ஒட்டி நடந்த பணிகளில், பின்னாளில் சேர்ந்த தகாத கட்டுமானங்களை நீக்கியதும், மரபு முறைகளையே பயன்படுத்தியதும் முக்கியமானவை. எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது மழைநீர் வேலை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவில் இருக்கும் கோயில் அது. பெய்த மழை உள்ளே தேங்காமல் வடிந்து சேமிப்பாகும்படி முன்னோர்கள் ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். அது காலப்போக்கில் அடைபட்டுப் போயிருந்தது. அதை மறுபடி இயங்க வைத்தார்கள்.

இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. வடிகால் வேலை செய்கிறது என்றால் அங்கே பார்க்க எதுவும் இருக்காது. தண்ணீர் தேங்காத தரை மட்டும் இருக்கும். ஆனால் அடித்தளத்தில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மேலே எத்தனை அழகாகச் செய்தாலும் வீண். நோயாளியின் முகத்துக்குப் பவுடர் போடாமல் சிறுநீரகத்தைச் சரிசெய்த வைத்தியம் என்று சொல்லலாம்.

அப்படியே திரும்பக் கட்டினால் அது பழையதா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். நம் கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது வழக்கம். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குப் புது வண்ணம் பூசுகிறோம். வெனிஸ் சாசனம் கல்லையே பார்க்கும் ஐரோப்பியப் பார்வை இல்லையா, நமக்கு அது எப்படிப் பொருந்தும்?

இந்தக் கேள்வியை ஜப்பானியர்களும் கேட்டார்கள். அங்கே இசே என்ற ஊரிலுள்ள மர ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் நடந்தது. மரம் புதிது. ஆனால் இணைக்கும் முறை, தச்சர்களின் பயிற்சி, சடங்கு எல்லாம் நூற்றாண்டுகளாகத் தொடர்கின்றன. 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள், ஓர் இடத்தின் உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டுக்குள் நின்றுதான் தீர்மானிக்க வேண்டும் என்று ஓர் ஆவணத்தில் எழுதினார்கள். பொருள் மட்டும் அல்ல, பயன்பாடும் கைவினை மரபும்கூட உண்மைத்தன்மையில் சேரும்.

வடக்குந்நாதருக்கும் துக்காச்சிக்கும் கிடைத்த விருதுகளை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஸ்தபதிகளின் மரபறிவையும் இன்றைய பாதுகாப்பு அறிவியலையும் சேர்த்து வேலை செய்ததுதான் துக்காச்சியில் பாராட்டப்பட்டது. இதற்காக, எதையும் இடித்துக் கட்டலாம் என்று அர்த்தமில்லை. கற்றளியை, அதாவது கல்லால் எடுத்த கோயிலை, இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டினால் அங்கே பொருளும் போகிறது, மரபும் போகிறது.

நம்மவர்களுக்கு இந்த உணர்வு எப்போதோ இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்ட வைத்தார். அவை பழைய கல்லின் படி என்று சொல்லும் 'பழங்கற்படி' என்ற குறிப்பும் அங்கே வெட்டப்பட்டது. இது நகல், மூலம் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்வது. வெனிஸ் சாசனத்தின் நேர்மை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே காவிரிக்கரையில் இருந்திருக்கிறது.

இந்தப் பகுதியின் சாரம்: பழைய பொருளும் முக்கியம், அதை ஆக்கிய கை மரபும் முக்கியம். எங்கே எதை மாற்றினோம் என்று பதிவு செய்வது இரண்டையும் காக்கும்.

நிலத்துக்கும் பாதுகாப்பு உண்டா?

உண்டு. மனிதரும் இயற்கையும் சேர்ந்து காலங்காலமாக உருவாக்கிய நிலத்தைப் பண்பாட்டு நிலப்பரப்பு என்கிறார்கள். ஏரி, கால்வாய், தோப்பு, படிக்கட்டு வயல் எல்லாம் இதில் வரும்.

பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ மலைகளில் உள்ள நெல் வயல்கள் 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 2001-இல் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலுக்குப் போயின. காரணங்களில் முக்கியமானது, இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டது. வரப்பு வெட்ட ஆள் இல்லை என்றால் மலைவயல் சரிந்துவிடும். கட்டடமாவது பூட்டிக் கிடந்தால் கொஞ்சகாலம் நிற்கும், வயல் நிற்காது. வயல்களையும் நீர்வழிகளையும் சீர்செய்த பிறகு 2012-இல் அவை ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன.

நம் நாட்டில் டெல்லி சுந்தர் நர்சரி. ஹுமாயூன் சமாதிக்கு அருகே சுமார் 90 ஏக்கர். முகலாயர் காலக் கல்லறை மாடங்கள் உள்ளே இருக்க, பிரிட்டிஷார் புதுடெல்லிக்கு வேண்டிய மரக்கன்றுகளை அங்கே வளர்த்தார்கள். பின்பு கவனிப்பாரின்றிக் கிடந்தது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை அரசுத் துறைகளோடு சேர்ந்து மாடங்களையும் தோட்டத்தையும் ஒன்றாக எண்ணிச் சீரமைத்து, 2018-இல் மக்களுக்குத் திறந்தது. 2020-இல் மேன்மை விருது கிடைத்தது. அங்கே போனால் மாடத்தின் நிழலில் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

ஆட்களுக்கு மரியாதை

திட்டங்களுக்கு மட்டும் மரியாதை போதுமா என்ற கேள்விக்குப் பல நாடுகள் பல விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. எனக்குப் பிடித்தது ஜப்பானின் வழி. 1975-இல் அவர்கள் தங்கள் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தைத் திருத்தி, பழைய பொருள்களைக் காக்கத் தேவையான நுட்பங்களையும், அவை கைவந்தவர்களையும் அரசே அங்கீகரிக்க வழி செய்தார்கள். கூரை வேய்பவர், அரக்குப் பூச்சுக்கான கருவி செய்பவர் போன்றவர்களுக்கு மரியாதை. பழுதுபார்ப்பவருக்கு எனத் தனியாக.

1977-இல் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் ஆகா கான் கட்டடக்கலை விருதும் கட்டடக் கலைஞரோடு நிற்பதில்லை. கட்டச் சொன்னவர், கைவினைஞர், கொத்தனார் வரை பெயர் சேர்க்கிறது. சென்னையின் பழைய கட்டடங்களுக்காகப் பல பத்தாண்டுகள் எழுதியும் பேசியும் வந்த எஸ். முத்தையாவுக்கு பிரிட்டிஷ் அரசு எம்பிஇ என்ற கௌரவப் பட்டம் கொடுத்தது. அவர் சுவர் எதையும் பூசவில்லை. இடிக்கக் கூடாது என்று எழுதினார், அதுவும் பாதுகாப்புப் பணிதான்.

பெயர் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்ததோடு, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான்.

விருதால் ஆகாத காரியங்கள்

விருது சட்டப் பாதுகாப்பு தராது. அதைத் தருவது வேறு. மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் உள்ள சின்னங்களை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறைக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் 36,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு சட்டங்களுக்குள்ளும் வராதவை. அந்தக் கோயில்களில் எப்படி வேலை நடக்கிறது என்பது ஊராரின் அக்கறையையும் செய்பவரின் அறிவையும் பொறுத்தது. விருது பெற்ற முன்மாதிரி ஒன்று பக்கத்திலேயே இருந்தால், "துக்காச்சியில செஞ்ச மாதிரி செய்யலாமே" என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

வருமானத்துக்கும் விருதுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். 2000-இல், விருதின் முதல் ஆண்டிலேயே, உச்சப் பாராட்டைப் பெற்றது பினாங்கின் நீல மாளிகை எனப்படும் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகை. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசிய சுவர். அந்தக் காலத்தில் அவுரி இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. பாழடைந்து கிடந்ததைச் சில ஆர்வலர்கள் வாங்கி மீட்டார்கள், இப்போது தங்கும் விடுதியாக இயங்குகிறது. அதன் செலவை அதுவே ஈட்டுகிறது. விருது வந்ததால் ஓடவில்லை, புழக்கத்தில் இருப்பதால் ஓடுகிறது.

அடுத்த முறை செய்தி வந்தால்

யுனெஸ்கோ என்று தலைப்பில் பார்த்ததும், பட்டியலா விருதா என்று முதலில் பாருங்கள். விருது என்றால் எந்தப் படி, எந்தப் பணிக்கு, யார் செய்தது என்று தேடுங்கள். கொத்தனார், ஸ்தபதி, பொறியாளர் யார் பெயராவது இருக்கிறதா? இல்லாவிட்டால் அந்தச் செய்தி பாதிதான்.

உங்கள் ஊரிலேயே நல்ல பணி ஒன்று நடக்கப் போகிறது என்றால், விருதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஆனால் கேமராவை எடுங்கள். வேலை தொடங்கும் முன்பு இருந்த நிலைக்குப் படம் இல்லாவிட்டால், பிறகு நடுவர்களிடம் காட்டவும் ஒன்றும் இருக்காது, எதிர்காலத்தில் வேலை செய்பவருக்கும் வழிகாட்ட ஒன்றும் இருக்காது.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு அடுத்த மாதம் பாலாலயம், அதாவது திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு. அதன் பிறகு மண்டபத்தில் கைவைத்துவிடுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் காலை ஆறரைக்கே போய்விட்டோம், அந்த நேரத்தில்தான் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து எழுத்து நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தூணுக்கும் சாக்பீஸால் தரையில் எண் போட்டு, நான்கு பக்கமும் படம் எடுத்தோம். குருக்கள் நடை திறக்கும் வரை வேலை ஓடியது. பத்தொன்பதாவது தூணின் அடியில், இத்தனை நாள் யாரும் பார்க்காத மூன்று வரிகள் இருக்கின்றன. இன்னும் படிக்கவில்லை.